எத்தனை கட்டுரை? ஆய்வு மதிப்பீட்டு விதிகளும் மனநல மருத்துவ இதழ்களும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தம் மைத்துனரைப் புதுச்சேரியில் எந்த மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகலாம் என்று கேட்பதற்காக ஒரு மாலை வீட்டுக்கு வந்திருந்தார். நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகளாகப் புள்ளியியல் பார்க்கிறவன்; மருத்துவன் அல்லன். ஆனாலும் காலேஜில் இருக்கிறவர் என்ற உரிமையில் தெருவில் எல்லாரும் என்னிடம் கேட்பது வழக்கம். அவர் தம் கைப்பேசியில் இரண்டு மருத்துவர்களின் விவரங்களை எடுத்து வைத்திருந்தார். ஒருவருடைய பெயருக்குக் கீழே 112 ஆய்வுக் கட்டுரைகள் என்றும், மற்றவருக்கு 9 என்றும் இருந்தது. "நூத்திப் பன்னெண்டு எழுதினவர்கிட்டயே போயிடலாம், இல்லையா தம்பி?" என்றார். அப்படி முடிவு செய்ய முடியாது என்பதை அவருக்கு விளக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த விளக்கத்தையே, துறைக்குப் புதியவர்களும் பின்தொடரும்படி, இங்கே சற்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ஒரு மருத்துவர் தாம் கண்டதை, அளந்ததை, சோதித்ததை எழுதி ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்புகிறார். இதழாசிரியர் அதை அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார். இதைச் சக மதிப்பாய்வு என்கிறோம். அவர்கள் கேட்ட திருத்தங்களைச் செய்தபின் கட்டுரை வெளியாகிறது. வெளியான கட்டுரையைப் பின்னால் எழுதுகிறவர்கள் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். எந்தெந்த இதழ்கள் ஓரளவு தரம் பேணுகின்றன என்று பார்த்து அவற்றைப் பட்டியலிட்டுத் தேட உதவும் தரவுத்தளங்கள் உண்டு. மெட்லைன், ஸ்கோப்பஸ், எம்பேஸ் ஆகியவை மருத்துவர்கள் அன்றாடம் உச்சரிக்கும் பெயர்கள். இந்திய மனநல மருத்துவத்துக்கென்றே இதழ்கள் இருக்கின்றன. இந்திய மனநல மருத்துவச் சங்கம் நடத்தும் இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி அவற்றுள் மூத்தது. அச்சங்கத்தின் தென்மண்டலக் கிளை 1978 முதல் இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்கலாஜிக்கல் மெடிசின் என்ற இதழை நடத்தி வருகிறது.

இதுவரை சொன்னது அறிவைப் பகிர்ந்துகொள்வதற்கான ஏற்பாடு. இந்த ஏற்பாட்டின் மீது, ஆட்களையும் நிறுவனங்களையும் அளப்பதற்கான இன்னோர் ஏற்பாடு வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் ஆய்வு மதிப்பீட்டுக் கொள்கை என்கிறோம். யாருக்குப் பதவி உயர்வு, எந்தக் கல்லூரிக்கு எந்தத் தரவரிசை, எந்தத் திட்டத்துக்கு நிதி ஆகிய முடிவுகளை எடுப்பதற்கு ஆய்வுக் கட்டுரைகளை எப்படி எண்ணுவது, எவற்றை எண்ணுவது, எவற்றைத் தள்ளுவது என்று வகுக்கும் விதிகளின் தொகுப்பே அது.

நம் நாட்டில் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இந்த விதிகளை முன்பு இந்திய மருத்துவக் குழுமம் வகுத்தது. 2020 செப்டம்பரிலிருந்து தேசிய மருத்துவ ஆணையம் அந்த இடத்தில் இருக்கிறது. உதவிப் பேராசிரியர் இணைப்பேராசிரியராகவும், இணைப்பேராசிரியர் பேராசிரியராகவும் உயர்வதற்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கட்டுரைகள் வெளியிட்டிருக்க வேண்டும் என்பது விதியின் சாரம். 2015-இல் வந்த ஒரு சுற்றறிக்கை, அசல் ஆய்வுக் கட்டுரைகளை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும், கட்டுரையை எழுதியவர்களின் பெயர் வரிசையில் (ஆசிரியர் வரிசை என்பது அதைத்தான்) முதல் இரண்டு பேருக்கு மட்டுமே அந்தக் கட்டுரை சேரும், இணையத்தில் மட்டும் வெளியாகும் இதழ்கள் சேரா என்று சொன்னது. உலகமே அச்சிலிருந்து இணையத்துக்கு நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில் இணைய இதழ்களை ஒதுக்கிய அந்த விதி அன்றே பலரால் கேலி செய்யப்பட்டது. 2020-இல் செய்யப்பட்ட திருத்தம் கதவைச் சற்று அகலமாகத் திறந்தது. ஏற்கெனவே வெளியான ஆய்வுகளை முறையாகத் தேடித் தொகுக்கும் முறைசார் தொகுப்பாய்வுகளும் பல நோயாளர்களைத் தொகுத்து எழுதும் அறிக்கைகளும் சேர்த்துக்கொள்ளப்பட்டன. முதல் மூன்று ஆசிரியர்களுக்கும், இதழோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளும் தொடர்பு ஆசிரியருக்கும் கணக்கு உண்டு என்றாயிற்று. விதிகள் அதற்குப் பிறகும் திருத்தப்பட்டே வருகின்றன. ஆகவே விண்ணப்பிக்கிறவர் பழைய சுற்றறிக்கையை நம்பாமல் நடப்பு ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மருத்துவம் அல்லாத பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு, உளவியல் துறையினர் உட்பட, பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் பொருந்தும். நிறுவனங்களை வரிசைப்படுத்துவது தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு. அதன் முதல் பட்டியல் 2016-இல் வந்தது, மருத்துவக் கல்லூரிகளுக்கென்று தனிப்பிரிவு 2018-இல் சேர்ந்தது. வெளியீடுகளின் எண்ணிக்கையும் மேற்கோள்களும் அதில் மதிப்பெண் பெறுகின்றன என்பதால், ஆசிரியர் ஒருவர் பதவி உயர்வை விரும்பாமல் ஒதுங்கியிருந்தாலும் கல்லூரி நிர்வாகம் அவரை ஒதுங்கியிருக்க விடுவதில்லை.

எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்க, இதழின் மதிப்பை அளப்பதற்குத் தாக்கக் காரணி என்ற ஓர் எண் உண்டு. அதன் கணக்கு மிக எளியது. ஓர் இதழ் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 200 கட்டுரைகளை வெளியிட்டது என்றும், அந்தக் கட்டுரைகளுக்கு 2024-இல் 500 மேற்கோள்கள் கிடைத்தன என்றும் வைத்துக்கொண்டால், 500-ஐ 200-ஆல் வகுக்க வரும் 2.5 அந்த இதழின் 2024-ஆம் ஆண்டுத் தாக்கக் காரணி. யூஜின் கார்ஃபீல்டு என்பவரின் சிந்தனையில் உருவான இந்த எண், நூலகங்கள் எந்த இதழை வாங்கலாம் என்று தேர்ந்தெடுக்கத்தான் முதலில் பெரிதும் பயன்பட்டது. பிறகு அதே எண்ணைக் கொண்டு, இதழில் எழுதியவரையும் எடைபோடத் தொடங்கினார்கள். ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை வைத்து அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவனின் அறிவைத் தீர்மானிப்பது போன்றது இது என்று சொன்னதும் தலைமையாசிரியர் சட்டென்று புரிந்துகொண்டார். தனிமனிதரை அளப்பதற்கென்றே ஹெச் குறியீடு என்ற ஒன்றை ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்தார். ஒருவருக்கு, ஒவ்வொன்றும் குறைந்தது 12 மேற்கோள்கள் பெற்ற 12 கட்டுரைகள் இருந்து, 13-ஆவது கட்டுரைக்கு அந்த அளவு இல்லை என்றால் அவருடைய குறியீடு 12.

இந்த விதிகளை வகுத்தவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் விதி இல்லாத காலத்தில் பதவி உயர்வு பணிமூப்பாலும் செல்வாக்காலும் கிடைத்தது என்பதைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். எண் என்பது பரிந்துரைக் கடிதத்தைவிட நேர்மையானது என்ற நம்பிக்கை நியாயமானதே. சிக்கல் அளவுகோலின் நோக்கத்தில் இல்லை; அளக்கப்படுகிறவர் அந்த அளவுகோலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வதில் இருக்கிறது. பண்ருட்டியில் பலாவை எடைபோடாமல் உருப்படிக் கணக்கில் ஒரே விலைக்கு வாங்குவதாக ஒரு வியாபாரி அறிவித்தால் என்ன ஆகும்? பிஞ்சுகளைக் கழித்து, நிற்கும் சில காய்களைப் பெருக்கவிடும் வழக்கத்தைத் தோப்புக்காரர் அந்த ஆண்டே நிறுத்திவிடுவார். மரம் நிறையக் காய் இருக்கும், சுளை இருக்காது. அவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. ஓர் அளவீட்டை இலக்காக ஆக்கிவிட்டால் அது நல்ல அளவீடாக இருப்பதில்லை என்ற இந்தக் கருத்தைச் சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளியலாளர் பெயரால் குட்ஹார்ட் விதி என்கிறார்கள். அவர் 1975-இல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்னது, இன்று கல்லூரிகளுக்கே அதிகம் பொருந்துகிறது.

இது எல்லாத் துறைக்கும் பொதுவானதாயிற்றே, மனநல மருத்துவத்தைத் தனியாகப் பேசுவானேன் என்று கேட்கலாம். காரணம், அத்துறையின் மூலப்பொருள் மெதுவானது. சர்க்கரை நோயை இரத்தத்தில் அளந்து ஓர் எண்ணைப் பெறலாம். மனச்சோர்வை அப்படி அளக்க இன்றுவரை இரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளரோடு உட்கார்ந்து பேசி, வினாநிரலின்படி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு மதிப்பெண் இட வேண்டும். அந்த வினாநிரல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் பிறந்தவை. நம் ஊர்ப் புறநோயாளர் பிரிவில் வந்து உட்காரும் ஒருவர் எனக்கு மனச்சோர்வு என்று சொல்வதில்லை. "மனசு பாரமா இருக்கு", "நெஞ்சு படபடங்குது", "உடம்பெல்லாம் எரியுது", "எதுலயும் புடிப்பு இல்ல" என்றுதான் சொல்கிறார். இந்தச் சொற்களுக்கும் வினாநிரலின் சொற்களுக்கும் இடையே பாலம் போட்டு, தமிழ் வடிவம் சரியாக அளக்கிறதா என்று நூற்றுக்கணக்கானோரிடம் சோதித்து முடிக்கக் கூடுதலாக ஓர் ஆண்டாவது பிடிக்கும். அத்தனைக்கும் கிடைப்பது ஒரே ஒரு கட்டுரை. அதே ஓர் ஆண்டில், ஏற்கெனவே உள்ள வினாநிரலைக் கூகுள் படிவத்தில் ஏற்றி, கல்லூரி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுக்கு விட்டு, மன அழுத்தம், தூக்கம், கைப்பேசிப் பழக்கம் என்று மூன்று கட்டுரைகளை எழுதிவிடலாம். 2020-இன் ஊரடங்குக் காலத்தில் இவ்வகை இணையக் கணக்கெடுப்புகள் உலகெங்கும் இதழாசிரியர்களின் மேசைகளில் குவிந்தன. அவற்றில் பயனுள்ளவையும் உண்டு. ஆனால் படிவத்தை நிரப்பியவர்கள் யார், நிரப்பாதவர்கள் யார் என்ற கேள்விக்கு அவற்றுள் பெரும்பாலானவற்றில் விடை இருக்காது. கடுமையான மனச்சிதைவு நோயோடு வீட்டுக்குள் முடங்கியிருக்கும் ஒருவர் கூகுள் படிவத்தை நிரப்புவதில்லை.

மெதுவான ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. மெட்ராஸ் நெடுங்கால ஆய்வு என்று அறியப்படும் அது, 1980-களின் தொடக்கத்தில் சென்னையில், மனச்சிதைவு நோய் முதன்முறையாகக் கண்ட 90 பேரைச் சேர்த்துக்கொண்டு, அவர்களை ஆண்டுக்கணக்கில் தேடிப்போய்ப் பார்த்து, பத்து ஆண்டுகளிலும் இருபது ஆண்டுகளைக் கடந்தும் அவர்களின் நிலை என்ன என்று எழுதியது. திருமணமானவர்கள் எத்தனை பேர், வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர், நோய் திரும்பத் திரும்ப வந்தது யாருக்கு என்பன போன்ற கேள்விகளுக்கு வேறு எந்த வழியிலும் விடை பெற முடியாது. இன்று உதவிப் பேராசிரியராகச் சேரும் ஒருவர், சில ஆண்டுகளில் பதவி உயர்வுக்குக் கட்டுரைகள் காட்ட வேண்டிய நிலையில், பத்து ஆண்டு கழித்து முடிவு தரும் ஆய்வைத் தொடங்குவார் என்று எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். இரண்டே ஆண்டு மேற்கோள்களைப் பார்க்கும் தாக்கக் காரணியும் அவருக்கு உதவாது. நெடுங்கால ஆய்வுகளை மற்றவர்கள் எடுத்துப் படித்துப் பயன்படுத்தவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும்.

விதி எதை எண்ணாமல் விடுகிறதோ அது மெல்ல மறையும் என்பதற்குத் தனிநோயாளர் அறிக்கையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. கேஸ் ரிப்போர்ட் என்று கல்லூரியில் சொல்வார்கள். ஒரே ஒரு நோயாளரிடம் கண்ட புதுமையை விவரித்து எழுதுவது. மனநல மருத்துவத்தின் பெரிய நகர்வுகள் சில இப்படிச் சிறியனவாகத்தான் தொடங்கின. ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் 1949-இல் லித்தியம் பற்றி எழுதிய கட்டுரையில் அளவுமீறிய பரபரப்போடு இருக்கும் மனவெழுச்சி நோயாளர்கள் பத்துப் பேரே இருந்தார்கள். மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநிலைக் கோளாறுக்கு இன்றும் லித்தியம் முதன்மை மருந்துகளுள் ஒன்று. அதற்கும் முன்னால் 1931-இல் கணநாத் சென், கார்த்திக் போஸ் என்ற இரு வங்காளத்தவர் சர்ப்பகந்தி வேர் மனநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதை ஓர் இந்திய இதழில்தான் எழுதினார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து அந்த வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பைன் மேலைநாட்டு மருத்துவமனைகளுக்குப் போயிற்று. விந்து இழப்பு பற்றிய அச்சத்தோடு வரும் இளைஞர்களின் துன்பத்துக்கு தாத் நோய்க்குறி என்ற பெயரை 1960-இல் என்.என். விக் என்ற மனநல மருத்துவர் இட்டது, தம்மிடம் வந்தவர்களைக் கூர்ந்து கவனித்ததன் விளைவு.

மேற்சொன்ன 2015 சுற்றறிக்கையின் கணக்கில் இப்படிப்பட்ட தனிநோயாளர் அறிக்கைக்கு மதிப்பு இல்லை. இதழாசிரியர்களும் அதை விரும்புவதில்லை, ஏனென்றால் அதற்கு மேற்கோள் குறைவாகக் கிடைக்கும்; வகுக்கும் எண்ணில் ஒன்று கூடி, தாக்கக் காரணி இறங்கும். எங்கள் கல்லூரியில் முதுநிலை மாணவி ஒருவர், அரிதான ஒரு மருந்து எதிர்விளைவை ஒரு மீனவப் பெண்மணியிடம் கண்டறிந்து, நான்கு பக்கத்தில் அழகாக எழுதியிருந்தார். அதை எங்கே அனுப்பலாம் என்று கேட்டபோது, "அதுக்கு பாயின்ட் கிடையாதும்மா, தீசிஸ் டேட்டாவை முடி" என்று அவருக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர் நல்ல ஆசிரியர். மாணவியின் நலனைத்தான் நினைத்தார். அந்த நான்கு பக்கம் இன்னும் அந்தப் பெண்ணின் கணினியில்தான் இருக்கிறது.

கூறு போடுவது அடுத்தது. கடலூர் முதுநகர் மீன் கடையில் கூறு கட்டி விற்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரே 200 நோயாளர்களிடம் ஒரே நேரத்தில் எடுத்த விவரங்களை, மனச்சோர்வு ஒரு கட்டுரை, வாழ்க்கைத்தரம் ஒரு கட்டுரை, பராமரிப்பவர் சுமை ஒரு கட்டுரை, மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்வது ஒரு கட்டுரை என்று நான்காகப் பிரித்து நான்கு இதழ்களுக்கு அனுப்புவது. முதல் மூன்று ஆசிரியர்களுக்கு மட்டுமே கணக்கு என்றால் ஆறு பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு கட்டுரையாவது வேண்டும் என்பது எளிய வகுத்தல் கணக்கு. புள்ளியியல்காரனாக எனக்கு இதில் வேறொரு கவலை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பொதுமுடிவு காண்கிறவர் இந்த நான்கையும் நான்கு வெவ்வேறு ஆய்வுகள் என்று எண்ணினால், அதே 200 பேர் 800 பேராகி விடுகிறார்கள். பிழை அங்கே நுழைந்தால் பிறகு களைவது கடினம்.

மனநல மருத்துவத்தை அதிகம் காயப்படுத்திய திரிபு, வெற்றியடைந்த முடிவுகளை மட்டும் வெளியிடுவது. இதற்கு அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு 2008-இல் வெளியானது. மனச்சோர்வுக்கான 12 மருந்துகள் தொடர்பாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் பதிவான 74 ஆய்வுகளை எரிக் டர்னரும் உடன் பணியாற்றியவர்களும் எடுத்து, அவற்றில் எவை இதழ்களில் வந்தன என்று ஒப்பிட்டார்கள். மருந்து பலன் தந்ததாக நிர்வாகம் கருதிய 38 ஆய்வுகளில் 37 வெளியாகியிருந்தன. பலன் இல்லை அல்லது ஐயத்துக்குரியது எனக் கருதப்பட்ட 36-இல் 22 வெளியாகவே இல்லை. 11 ஆய்வுகள், பலன் கிடைத்தது போன்ற தோற்றம் தரும்படி எழுதப்பட்டு வெளியாகியிருந்தன. மீதி மூன்றே உள்ளது உள்ளபடி வந்தன. இதழ்களை மட்டும் படிக்கும் மருத்துவர் ஏறத்தாழ எல்லா ஆய்வும் வெற்றி என்றே நினைப்பார். உண்மையில் பாதிக்குப் பாதிதான். இதில் மருந்து நிறுவனங்களின் வணிக நலன் பெரும் பங்கு வகித்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் 'பலன் இல்லை' என்று முடியும் கட்டுரைக்கு மேற்கோள் குறையும் என்று எண்ணும் இதழாசிரியரும், அதை எழுதுவதில் ஆறு மாதம் செலவிட்டுப் பயனில்லை என்று எண்ணும் ஆய்வாளரும் இதே திசையில்தான் தள்ளுகிறார்கள். இந்தத் தவறைத் தடுக்கவே, ஆய்வைத் தொடங்குமுன் பொதுப்பதிவேட்டில் பதிய வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. இந்தியாவின் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கப்பட்டு, மருந்துப் பரிசோதனைகளுக்கு 2009 ஜூனிலிருந்து கட்டாயமானது. பதிவேட்டை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் திறந்து பார்க்கலாம்.

மரபணுவின் கதையும் இதனோடு சேர்ந்தது. ஒரு குறிப்பிட்ட மரபணுவுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டா என்று சில நூறு பேரிடம் பார்த்து எழுதும் கட்டுரைகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உலகெங்கும் வந்துகொண்டே இருந்தன. செலவு குறைவு, கட்டுரை நிச்சயம், தலைப்பும் கம்பீரமானது. 2019-இல், அதிகம் ஆராயப்பட்ட 18 மரபணுக்களை எடுத்து, பெரும் தரவுத் தொகுப்புகளில், அவற்றுள் சில லட்சக்கணக்கானோரை உள்ளடக்கியவை, சோதித்துப் பார்த்தபோது, அவற்றுக்கும் தற்செயலாக எடுத்த மற்ற மரபணுக்களுக்கும் மனச்சோர்வைப் பொறுத்தவரை வேறுபாடு தெரியவில்லை. எத்தனை முதுநிலை மாணவர்களின் இரவுகள் அவற்றில் கழிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஆசிரியர் வரிசையைப் பற்றி ஒரு சொந்த வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். யாரை ஆசிரியர் என்று சொல்லலாம் என்பதற்குப் பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வின் கருத்தாக்கத்திலோ தரவைத் திரட்டுவதிலோ ஆராய்வதிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக்கட்டுரைக்கும் பொறுப்பேற்றல் ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டும். மனநல ஆய்வு என்பது குழுவின் வேலை. வீடு வீடாகப் போகும் மனநலச் சமூகப் பணியாளர், சோதனைகளை நடத்தும் உளவியலாளர், கணக்குப் போடும் என்னைப் போன்றவர் எல்லாரும் சேர்ந்தால்தான் ஓர் ஆய்வு நடக்கும். பெயர்களுள் முதல் மூன்று இடங்களுக்கு மட்டும் விலை வைத்ததும், அந்த இடங்கள் பதவி உயர்வு தேவைப்படுகிறவர்களுக்குப் போயின. கிருமாம்பாக்கத்திலும் தவளக்குப்பத்திலும் வெயிலில் அலைந்து நோயாளர்களைக் கண்டுபிடித்த சமூகப் பணியாளரின் பெயர் ஐந்தாவது இடத்திலும், ஓராண்டு கணக்குப் பார்த்த என் பெயர் கடைசிப் பத்தியில் நன்றி நவிலலிலும் வந்த கட்டுரை ஒன்று என் மேசையில் இருக்கிறது. நோயாளர்களைப் பார்த்தே இராத ஒருவர் இரண்டாவது இடத்தில் இருக்கிறார்.

இத்தனை அழுத்தம் இருக்கும் இடத்தில் கடை விரிக்க ஆள் வராமல் இருக்குமா? கட்டணம் வாங்கிக்கொண்டு, மதிப்பாய்வு என்ற பெயரில் எதையும் செய்யாமல், சில நாள்களில் கட்டுரையை வெளியிட்டுத் தரும் இதழ்கள் பெருகின. கொலராடோவைச் சேர்ந்த ஜெஃப்ரி பீல் என்ற நூலகர் இவற்றுக்கு வேட்டையாடும் இதழ்கள் என்று பெயரிட்டுப் பட்டியலிட்டார். அந்தப் பட்டியல் 2017 ஜனவரியில் திடீரென்று இணையத்திலிருந்து காணாமற்போனது. பல்கலைக்கழக மானியக் குழு 2017-இல் தானே ஓர் அங்கீகாரப் பட்டியலை வெளியிட்டு, அதற்குள்ளேயே போலிகள் புகுந்துவிட்டதைக் கண்டு 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்கியது. 2019-இல் கேர் என்ற புதிய பட்டியலைக் கொண்டுவந்தது. 2025-இல் அதையும் கைவிட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டது. இதழில் இடம் வாங்கித் தருவதோடு நில்லாமல் கட்டுரையையே தயாரித்து விற்கும் ஆலைகளும் வந்துவிட்டன. 2023-இல் மட்டும் உலக அளவில் 10,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் 8,000-க்கும் மேற்பட்டவை ஹிந்தாவி என்ற ஒரே வெளியீட்டாளரின் இதழ்களில் வந்தவை. போலி இதழை அடையாளம் காணப் பெரிய வித்தை தேவையில்லை. 'மதிப்பிற்குரிய பேராசிரியரே' என்று தொடங்கி, பத்து நாளில் வெளியீடு உறுதி என்று முடியும் மின்னஞ்சல் வந்தால், அதற்குமேல் படிக்க வேண்டாம்.

மாற்றம் எதுவும் நடக்கவில்லை என்று சொல்வது தவறாகும். 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்களும் வெளியீட்டாளர்களும் வகுத்த பிரகடனம், தனிப்பட்ட ஆய்வாளரை மதிப்பிட இதழின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் அதில் கையொப்பமிட்டிருக்கின்றன. கட்டுரைக்கு ரொக்கப் பரிசு தரும் வழக்கத்தைச் சீன அரசு 2020-இல் தடுத்தது. பிரிட்டனில் 2014-இல் நடந்த ஆய்வு மதிப்பீட்டில் ஓர் ஆய்வாளர் தம் எழுத்துகளில் நான்கை மட்டும் தேர்ந்தெடுத்து அளித்தால் போதும் என்று இருந்தது. அந்த ஆய்வால் கல்லூரிக்கு வெளியே என்ன மாறியது என்பதற்கும் தனி மதிப்பெண் வைத்தார்கள். இங்கே, முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் விலக்கிக்கொண்டது. என் கணிப்பில், மருத்துவக் கல்லூரிகளுக்கு உடனடியாகப் பயன்படக்கூடியது பிரிட்டனின் அந்தப் பழைய யோசனைதான்: எண்ணாதீர்கள், அவரே தேர்ந்தெடுத்த மூன்றையோ நான்கையோ வாங்கி உட்கார்ந்து படியுங்கள். தேர்வுக் குழுவினருக்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மை. நோயாளருக்கு மருத்துவர் செலவிடும் நேரத்தையும் எங்காவது எண்ண வேண்டாமா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. 2004 சுனாமிக்குப் பின் எங்கள் கடலோரக் குப்பங்களில் மாதக்கணக்கில் உட்கார்ந்து துயரத்தைக் கேட்டவர்களும் உண்டு, படிவங்களை நிரப்பிக்கொண்டு ஒரே வாரத்தில் வண்டியேறியவர்களும் உண்டு. வெளியீட்டுப் பட்டியலில் தெரிவது பின்னவர்களின் வேலைதான். அங்குள்ள பெண்களுக்குப் புரியும்படி தமிழில் எழுதிய துண்டுப்பிரசுரத்துக்கு எந்த விதியிலும் இடம் இல்லை.

முக்கால் மணி நேரம் கேட்டுவிட்டுத் தலைமையாசிரியர் கைப்பேசியை மறுபடி எடுத்தார். மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் மருத்துவரின் பெயரை இட்டால் கட்டுரைத் தலைப்புகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்று காட்டினேன். 112 கட்டுரைகளில் பலவற்றின் தலைப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்பிறந்தவை போல இருந்தன. சில நல்ல ஆய்வுகளும் நடுவே இருந்தன. பிறகு அந்த ஒன்பதுக்கு வந்தார். அவற்றில் ஒன்றைச் சுட்டி, "இதுல ஆறு வருஷம்னு போட்டிருக்கே, அது என்ன தம்பி?" என்றார். ஒரே நோயாளர்களை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து எழுதியது என்றேன். "அப்ப அந்த ஆறு வருஷமும் அவங்க இவர்கிட்ட வந்துகிட்டு இருந்திருக்காங்க" என்றார். அதையும் முழுச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது, வராமல் நின்றவர்கள் எத்தனை பேர் என்று உள்ளே பார்க்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், அந்த மருத்துவர் எந்தெந்தக் கிழமைகளில் புறநோயாளர்களைப் பார்க்கிறார் என்று தேடி எடுத்து, சட்டைப்பையிலிருந்த துண்டுத்தாளில் குறித்துக்கொண்டிருந்தார்.